மூச்சுக்கு இரண்டு விரல்

படியேறி வருகிற பெண்களின் முகத்தை மலர்கொடி கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் தலை தெரியும், அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு. இடுப்பு தெரிந்ததும் அவளுடைய கணக்கு முடிந்துவிடும். இரண்டாம் மாடியில் படி முடிகிற இடத்தில் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து நின்றபடி, உதடு அசையாமல், உள்ளே துணி எடுத்துப் போடுகிறவளுக்குக் குரல் கொடுப்பாள்.

"தஹ்மீனா, வவ்வா ஒண்ணு வருது. அம்பர்லாவ எடுத்துப் போடு."

வந்த அம்மாள் மூச்சு வாங்கியபடி, "சுடிதார் செட்டு பாக்கணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் இடுப்புக்கு மேலிருந்தே குடையாக விரிகிற நாலு உருப்படி அவருக்காக மேசையில் கிடக்கும். நாலில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இறங்குவார். எடுக்காமல் இறங்கியவர்களும் உண்டு. அவர்கள் கடைவீதி முழுக்கச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்து, "காலையில காட்டினீங்களே, அந்த நீலம் இருக்கா?" என்பார்கள். நீலம் தனியாக மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

சீர்காழிக் கடைவீதியில் இருக்கும் அந்த மூன்று மாடி ஜவுளிக்கடையில் மலர்கொடிக்கு இது பதினாறாவது வருடம். வயது நாற்பத்தாறு. பழையாற்றிலிருந்து ஏழரை மணி பஸ்ஸில் வருகிறாள். கணவர் அய்யாவு விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் கரையில் இருக்கும் நாளில் இவள் கடையில் இருப்பாள், இவளுக்கு லீவு வரும் நாளில் அவர் கடலில் இருப்பார். "அதனாலதான் சண்ட இல்லாம ஓடுது" என்று அவளே சொல்லிக்கொள்வாள். நின்றே வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு கடையில் முக்காலி போட்டிருக்கிறார்கள். அதன் மேல் எப்போதும் லெக்கின்ஸ் கட்டு உட்கார்ந்திருக்கும்.

பத்து வயதிலிருந்து படகுத் துறையில் அம்மாவோடு மீன் தரம் பிரித்தவள். அந்தப் பழக்கம் துணிக்கடைக்கும் கூடவே வந்துவிட்டது. நடுவில் அகன்றிருந்தால் வவ்வால். மேலிருந்து கீழ்வரை ஒரே வாகாக இருந்தால் வஞ்சிரம். தோள் அகன்று கீழே ஒடுங்கினால் கெளுத்தி. மேலே சிறுத்து இடுப்புக்குக் கீழே விரிந்தால் கணவாய். வாடிக்கையாளருக்குப் புரியாமல் தஹ்மீனாவுக்கு மட்டும் புரிய வேண்டும் என்பதற்காக உண்டான பாஷை. ஒரு முறை மட்டும் மாட்டிக்கொண்டாள். மேலே வந்தவர் காரைக்கால் மீன் ஏலக்காரரின் சம்சாரம். "வவ்வா கிலோ என்ன வெல விக்குது தெரியுமா? மரியாதையா நல்லதா எடுத்துக் காட்டு" என்று சொல்லிவிட்டு மூன்று செட் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை மலர்கொடி ரொம்ப நாளைக்கு வைத்திருந்தாள்.

இன்ச் டேப் கழுத்தில் மாலையாகத் தொங்கும். அதை எடுத்து அவள் அளந்து யாரும் பார்த்ததில்லை. அளவெல்லாம் கண்ணில். அவளுடைய சாத்திரம் ஒரே வரிதான்: "இடுப்பு கடவுள் குடுத்தது இல்ல கண்ணு, தையக்காரன் குடுத்தது. அவன் எந்த எடத்துல கோடு போடறானோ அதான் இடுப்பு." வவ்வாலுக்கு நெஞ்சுக்கு நாலு விரல் கீழேயே தையல் விழ வேண்டும், அங்கிருந்து துணி விரிந்து இறங்கினால் வயிறு எங்கே தொடங்குகிறது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. வஞ்சிரத்துக்கு இடுப்பு என்ற ஒன்றே இல்லை. இரண்டு பக்கமும் கயிறு வைத்த டாப்பைக் கொடுத்துப் பின்னால் இழுத்துக் கட்டி, இல்லாத இடுப்பை உண்டாக்க வேண்டும். அப்படிக் கட்டும்போது மட்டும் அவள் ஆள்மேல் கை வைப்பாள். முடிச்சைப் போடுவதற்கு முன் இரண்டு விரலைக் கயிற்றுக்கும் உடம்புக்கும் நடுவே விட்டுப் பார்ப்பாள். "மூச்சுக்கு ரெண்டு வெரலு எடம் வேணும். அழகா இருக்கேன்னு மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்கறது?"

சில சொற்கள் அவள் மாடியில் தடை. குண்டு, தொப்பை, வயசு. புதிதாக வேலைக்கு வந்த பெண் யாரிடமோ, "உங்க சைஸுக்கு வராதுங்க" என்று சொல்லிவிட, அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பாடம் நடந்தது. "உண்மையச் சொல்லி ஒரு சுடிதார்கூட விக்க முடியாது. தெரிஞ்சுக்கோ."

இடுப்பைப் பார்க்கிறவளுக்கு இடுப்பு சொல்கிற சேதியும் தெரிந்துவிடும். கையைத் தூக்கும்போது அடிவயிற்றைத் தாங்கிக்கொள்கிறவள் ஆபரேஷன் ஆனவள். துப்பட்டாவை முன்னால் இழுத்து இழுத்து விடுகிற புதுப்பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. மாமியாருக்குத் தெரியாதது, சில நேரம் கட்டினவனுக்கே தெரியாதது, இவளுக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. "கண்ணு பாத்தத வாய் பேசக்கூடாது. என் வாய்க்குப் பூட்டு போட்டு, சாவியக் கடல்ல வீசியாச்சு" என்பாள். துணியைவிட, கண்ணைவிட, அந்தப் பூட்டில்தான் அவளுக்குப் பெருமை அதிகம். வினை வந்ததும் அங்கிருந்துதான்.

பூர்ணிமா நாலு வருடமாக இந்த மாடிக்கு வந்துகொண்டிருந்தவள். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கணவன் ராம்கி சிங்கப்பூரில் வேலை பார்த்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் ஊர். வீட்டில் மாமியார், கல்யாண வயதில் ஒரு கொழுந்தன், ஏழாவது படிக்கிற பெண். ஆள் சுத்தமான வஞ்சிரம். பக்கக் கயிறு வைத்த டாப்தான் எப்போதும் கேட்பாள், அதுவும் கடுகு மஞ்சளில். "இடுப்பு இருக்கற மாதிரி ஒண்ணு குடுங்கக்கா. போன்லயே பாத்துக்கிட்டு கெடக்கறாரு, பாவம்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குக் கயிறு கட்டிவிடுவதில் மலர்கொடிக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கட்டினால் நிற்கும் உடம்பு.

போன ஆடித் தள்ளுபடியின்போது வந்தவள் மஞ்சளைத் தொடவே இல்லை.

"இடுப்பு வேணாங்கக்கா. லூசா இருக்கட்டும்."

மலர்கொடி பார்த்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. ராம்கி ஊருக்கு வந்து போனது அதற்கு முந்தின வருடம் சித்திரையில். அவன் கையால் வாங்கிக் கொடுத்த செட்டை இவள்தான் எடுத்துப் போட்டிருந்தாள். மனசு தன்பாட்டுக்கு மாதங்களை எண்ணியது. எண்ணி முடித்ததும் மலர்கொடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, நெஞ்சுக்குக் கீழே தையல் விழுகிற ஒரு பச்சையை எடுத்துப் போட்டாள். எதுவும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது வயிறு இன்னும் முன்னால் வந்திருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கை இரண்டும் குச்சி. "ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு வரைக்கும் நெறஞ்சுடுதுக்கா" என்றாள் பூர்ணிமா. அதையும் மலர்கொடி தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். பூர்ணிமா துணி மாற்ற உள்ளே போயிருந்த நேரத்தில் தஹ்மீனா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் இரண்டு பிள்ளை பெற்றவள்.

"அக்கா, அது புள்ள வயிறு மாதிரி தெரியலயே. புள்ளன்னா கீழ இருந்துல்ல ஏறும்? இது விலாவுலேருந்தே ஊதிக்கெடக்கு. மொகத்துலயும் ரத்தம் இல்ல."

"வாய மூடு. ஒரு பொம்பளையோட மானம் அது. நமக்கு எதுக்கு?"

"நான் தப்பாச் சொல்லலக்கா..."

"போயி அந்த நீலத்த எடுத்துக்கிட்டு வா."

தஹ்மீனா போய்விட்டாள். இதை இப்போது நினைக்கும்போது மலர்கொடி தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்கிறாள், கோயிலில் போட்டுக்கொள்வது போல இல்லை, வலிக்கிற மாதிரி.

கார்த்திகையில் பூர்ணிமா மூன்றாவது முறையாக வந்தாள். கொழுந்தனுக்குத் தையில் கல்யாணம், அதற்கு ராம்கி வருகிறான். வாசலில் நின்று வரவேற்கிற மூத்த மருமகள் எல்லார் கண்ணிலும் படுவாள். படியேறி வந்தவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றாள்.

"யாரும் எதுவும் கேக்காத மாதிரி ஒண்ணு குடுங்கக்கா. எங்க மாமியா பார்வையே சரியில்ல. ஊர்ல நடந்து போனா எல்லாக் கண்ணும் வயித்து மேலயே இருக்கு."

அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகு மலர்கொடிக்குச் சந்தேகமே போய்விட்டது. அன்றைக்குத் தன் வித்தை அத்தனையும் இறக்கினாள். கரு நீலத்தில் ஒரு அம்பர்லா. நெஞ்சுக்குக் கீழே இரண்டே விரலில் தையல். அங்கிருந்து அருவியாகத் துணி. கழுத்தில் மட்டும் வெள்ளி வேலை, பார்க்கிற கண் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதற்காக. பின்னால் ஒரு கயிறு இருந்தது. அதைக் கட்டப் போய், பழக்கத்தில் இரண்டு விரலை உள்ளே விட்டாள். விரலில் பட்டது வயிறாக இல்லை. நெல் திணித்துத் தைத்த சாக்கு மாதிரி விறைத்துக் கிடந்தது. விரல் ஒரு கணம் அங்கேயே நின்றது.

"மூச்சு முட்டுதுக்கா" என்றாள் பூர்ணிமா.

மலர்கொடி கத்தரியை எடுத்துக் கயிற்றை அடியோடு வெட்டிப் போட்டாள். "கயிறே வேணாம் விடு."

கண்ணாடிக்குள் பூர்ணிமாவின் கண் இவளைப் பார்த்தது. "உங்களுக்குத் தெரியுதாக்கா?"

"என்ன தெரியுது? ஒண்ணும் தெரியல. யாருக்கும் தெரியாது. தைரியமாப் போ கண்ணு."

பூர்ணிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மலர்கொடிக்கும் கண் கலங்கிற்று. ஒரு பெண்ணைக் காப்பாற்றினோம் என்ற நிறைவோடு அன்றைக்கு பஸ் ஏறினாள். கொடுமை என்னவென்றால், அன்று அவள் செய்தது முழுக்க இரக்கம்தான். அதில் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது. 'எத்தனை நாளா இப்படி இருக்கு?' என்று கேட்பதற்கு நாலு சொல் போதும். அந்த நாலு சொல்லைக் கேட்க ஆளில்லாமல் ஒரு பெண் மூன்று முறை படியேறி வந்திருக்கிறாள்.

மார்கழி கடைசியில் ஒரு காலை. பஸ் கொள்ளிடத்தைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஆளேற்ற நின்றது. ஜன்னலுக்கு வெளியே, கதிர் முற்றி நின்ற சம்பா வயலுக்கு முன்னால் ஒரு புது ஃபிளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. கீழே பேர் படிப்பதற்கு முன்பே மலர்கொடி துணியை அடையாளம் கண்டுவிட்டாள். கரு நீல அம்பர்லா, கழுத்தில் வெள்ளி வேலை. கல்யாணத்துக்கு முன்பே போட்டுப் பார்த்து எடுத்த படம், முழங்கால் வரைக்கும் தெரிகிற நின்ற கோலம். ஃபிளெக்ஸ் அடித்தவன் பின்னால் வானமும் இரண்டு புறாவும் வைத்திருந்தான். வயிறு தெரியவில்லை. வேலை அத்தனை சுத்தமாக இருந்தது.

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்த பெண்மணி அந்த ஊர்க்காரி. கேட்காமலே சொன்னாள்.

"என்ன வயசுங்கறீங்க, முப்பத்தேழு. வயிறு பெருசாயிட்டே போயிருக்கு. புருசன் ஊர்ல இல்ல பாருங்க, ஊரு வாயி சும்மா இருக்குமா? மாமியாகாரி மூணு மாசமா பேச்சு வார்த்தயே இல்லையாம். இங்க உள்ள ஆஸ்பத்திரியில நர்சம்மா மாமியாவுக்குச் சொந்தம், அதுக்குப் பயந்து இந்தப் பொண்ணும் காட்டிக்கல. கடைசில மாமியாதான் தஞ்சாவூருக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. எதுக்குங்கறீங்க? கலைக்கறதுக்கு. ஸ்கேன எடுத்துப் பாத்தா புள்ளயும் இல்ல ஒண்ணும் இல்ல. சினைப்பையில கட்டி. வயிறு முழுக்கத் தண்ணி. இத்தன நாளா என்னம்மா பண்ணினீங்கன்னு டாக்டரு கேட்டாராம்."

சீர்காழியில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. பஸ் மயிலாடுதுறை போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டக்டர் எழுப்பினார். தூங்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள்.

அதற்கப்புறம் அந்த மாடியில் வியாபாரம் பழைய மாதிரி இல்லை. மலர்கொடி இப்போதும் படி முடிகிற இடத்தில்தான் நிற்கிறாள். ஆனால் மீன் பேர் வாயில் வருவதில்லை. வயிறு பெருத்து, கை மெலிந்து யாராவது வந்தால், துணியை எடுத்துப் போடாமல் கிட்டே போய் நிற்கிறாள்.

"எத்தன நாளா இப்படி இருக்கு உங்களுக்கு?"

"எது?"

"வயிறு. சாப்பாடு எறங்குதா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

திருமணப் பட்டுக்குத் தோதாக மகளுக்கு எடுக்க வந்த ஒரு வாத்தியாரம்மா, பல பேர் முன்னால் இப்படிக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். உண்மையிலேயே ஆறு மாதமாக இருந்த ஒரு சின்னப் பெண் அழுதேவிட்டாள். அவள் அம்மா கீழே போய்க் கத்தினார். மாடிப் பொறுப்பாளர் கலந்தர் கெட்ட மனிதர் இல்லை. பதினாறு வருடமும் இவளை, "மலரக்கா" என்றே கூப்பிட்டவர். அவரே கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"துணி விக்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா? பொம்பளைங்க இங்க வர்றதே ஒரு மணி நேரம் சந்தோசமா இருந்துட்டுப் போகலாம்னுதான். இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சுன்னா முதலாளி உங்கள கொடோனுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு. என்னால தடுக்க முடியாதுக்கா."

"சரிங்க" என்றாள் மலர்கொடி. மறுநாளும் கேட்டாள். கேட்கப்பட்ட ஏழெட்டுப் பேரில் யாராவது டாக்டரிடம் போனார்களா என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. தஹ்மீனா மட்டும், "கொஞ்சம் மெதுவாக் கேளுங்கக்கா" என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவளும் தீபாவளி சமயத்தில் சொன்னதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசிவிட்டால்கூடத் தேவலை என்று மலர்கொடிக்கு இருக்கிறது.

மாசி மாதம், வெயில் ஏறுகிற நேரம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆண் கால். தலை தெரிந்தது, அப்புறம் தோள். மலர்கொடியால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. நாலு வருடத்தில் இரண்டு முறை பார்த்த ஆள்தான். ராம்கி. தாடி வளர்ந்திருந்தது.

"மலர்கொடி அக்கா நீங்கதானே?"

"ஆமாம் தம்பி. வாங்க." முக்காலியிலிருந்து லெக்கின்ஸ் கட்டைத் தள்ளிவிட்டு அவனை உட்கார வைத்தாள்.

"தம்பி கல்யாணத்தப் பங்குனிக்குத் தள்ளி வச்சிருக்கு. அதுக்கு முன்னாடி அவளுக்குப் புதுத்துணி வச்சுப் படைக்கணும். பூவும் பொட்டுமா போனவ இல்லையா? அவளுக்குப் படைக்காம வீட்ல எந்த நல்லதும் எடுக்கக்கூடாதுன்னு சொல்றாங்க. அம்மா பொடவ எடுத்தாச்சு. எனக்கு மனசு கேக்கல. அவளுக்குப் புடிச்சது சுடிதார்தான்."

மலர்கொடி தலையாட்டினாள். தஹ்மீனா தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள்.

"உங்களப் பத்தி நெறைய சொல்லுவாக்கா. வீடியோல பேசும்போதெல்லாம் இங்க எடுத்ததத்தான் போட்டுக்கிட்டு வருவா. நல்லாத்தானே இருக்கா, கொஞ்சம் எளச்சிருக்கா, அவ்வளவுதான்னு நெனச்சேன். எனக்கே தெரியலக்கா." அவன் பாட்டிலைத் திறக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "கடைசி ஒம்போது நாளு கூட இருந்தேன். அப்ப சொன்னா, சீர்காழி அக்கா ஒருத்தங்கதான் கண்டுபுடிச்சுட்டாங்க, ஆனா யார்கிட்டயும் சொல்லல, பெரிய மனசுன்னு." நிமிர்ந்து பார்த்தான். "வியாதின்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

அவன் சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஆமாம் என்றால் கொன்றவள் ஆகிறாள். இல்லை என்றால், பிறகு எதைக் கண்டுபிடித்தாய் என்ற கேள்வி வரும். பொய் சொல்லிச் சொல்லியே துணி விற்ற வாய்க்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"வியாதின்னு தெரியாது தம்பி."

"அப்பறம் என்னன்னு நெனச்சீங்க?"

மலர்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்தில் கிடந்த டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். கீழ் மாடியில் யாரோ பில் போடச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ராம்கிக்குப் புரிந்துவிட்டது. குனிந்துகொண்டான். அவளுக்கு ஆறுதல் சொல்கிறவன் போல, "விடுங்கக்கா" என்றான். "எங்கம்மாவும் அதத்தான் நெனச்சாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கிற வரைக்கும் அவன் உட்கார்ந்திருந்தான்.

"எந்த அளவு எடுக்கறதுன்னுதான் தெரியல" என்றான் பிறகு. "கடைசில இருந்த அளவா, முன்னாடி இருந்த அளவா? யார்கிட்ட போயிக் கேக்கறது?"

மலர்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அம்பர்லா வரிசையைத் தாண்டிப் போனாள். வஞ்சிரத்துக்கான வரிசையில் நாலாவதாக ஒரு கடுகு மஞ்சள் இருந்தது, இரண்டு பக்கமும் கயிறு வைத்தது. எல் அளவு. தேட வேண்டியிருக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் இருந்த ஸ்டாண்டில் மாட்டினாள். ஸ்டாண்டைப் பூர்ணிமாவின் உயரத்துக்கு இறக்கி வைத்தாள். சுருக்கத்தை நீவிவிட்டாள். இரண்டு கயிற்றையும் பின்னால் கொண்டுவந்து, இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். முடிச்சை இறுக்குவதற்கு முன், உள்ளே யாரும் இல்லாத அந்தத் துணிக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டு, இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டினாள்.